இறங்காத கவளம்



கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. கைக்கும் எட்டி, வாய்க்கும் எட்டி, வயிற்றுக்கு மட்டும் எட்டாமற் போகும் நிலை ஒன்றும் உண்டு. அதற்குப் பழமொழி இல்லை. நோயின் பெயர்தான் இருக்கிறது. அந்நோயை அக்கலேசியா என்பர். தளர மறுத்தல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அந்நோய்க்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை எத்தகையது, அதைச் செய்துகொண்டவர் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருக்கிறார் என்னும் இரு செய்திகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இவ்விரண்டில் பின்னதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. சிகிச்சை முடிந்து நோயாளி வீடு திரும்பும் நாளோடு கதை முடிந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்நோயைப் பொறுத்தவரை அன்றுதான் கதையின் பெரும்பகுதி தொடங்குகிறது.

முதலில் விழுங்குதல் என்னும் செயலைப் பார்ப்போம். நாளொன்றுக்கு எத்தனையோ நூறு முறை நாம் இச்செயலைச் செய்கிறோம். ஒரு முறையேனும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக் குழல் இருக்கிறது. அதுவே உணவுக்குழல். வாயிலிட்ட கவளம் கிணற்றில் போட்ட கல்லைப் போல அதனுள் தானாக விழுந்துவிடுகிறது என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. குழலின் தசைகள் மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கி, கவளத்தை உந்திக்கொண்டு போகின்றன. இந்தத் தசையலை எட்டு அல்லது பத்து வினாடிகளில் இரைப்பையின் வாயிலை அடைந்துவிடுகிறது. தலைகீழாகத் தொங்குகிற ஒருவராலும் நீர் விழுங்க முடியும். அவருடைய தசையலை நீரை மேல்நோக்கி ஏற்றி இரைப்பைக்குள் செலுத்திவிடும். (இதைச் சோதித்துப் பார்க்கும் ஆவல் யாருக்கும் வேண்டா, புரையேறினால் துன்பம்.)

குழலின் கீழ்க்கோடியில் ஒரு சுருக்குத்தசை உண்டு. அதனைக் கதவு என்று சொல்லிக்கொள்வோம். அது எப்பொழுதும் மூடியே இருக்கும். இரைப்பையில் உணவைச் செரிக்க வைக்கும் அமிலம் மேலே ஏறாதபடி காப்பது அதன் வேலை. கவளம் வரும்போது மட்டும் அது தளர்ந்து வழிவிடும். பிறகு மீண்டும் மூடிக்கொள்ளும். தளரும்படி அதற்குக் கட்டளையிடுவன, தசைப்படலங்களுக்கு இடையே பொதிந்து கிடக்கும் நரம்பணுக்கள். நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளிவிட்டு அவை அக்கட்டளையைத் தெரிவிக்கின்றன.

அக்கலேசியாவில் இந்த நரம்பணுக்கள் அழிந்துவிடுகின்றன. உடலின் நோய்த்தடுப்புப் படையே தன் உறுப்பைப் பகையாக மதித்துத் தாக்குவதால் இது நேரலாம் என்று அறிஞர் கருதுகின்றனர்; காரணம் இன்னும் முழுவதும் துலங்கவில்லை. தென்னமெரிக்காவில் சாகஸ் நோயை உண்டாக்கும் ஓர் ஒட்டுண்ணி இதே அணுக்களை அழித்து, இதே நிலையை விளைவிக்கிறது. காரணம் எதுவாயினும் விளைவு இரண்டு. தசையலை நின்றுபோகிறது, கதவு திறக்க மறுக்கிறது. ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குப் புதிதாக வரும் நோய் இது. அரிய நோய்தான், ஆயினும் உங்களைப் போன்ற இளைஞர்களையும் அது விட்டுவைப்பதில்லை.

நோயாளியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பசி இருக்கிறது. உணவு இருக்கிறது. நான்கு கவளம் உண்டதும் மார்புக்கூட்டின் நடுவே எதுவோ நின்றுவிடுகிறது. நீரைக் குடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சிலவேளை எழுந்து நடந்து, அதைக் கீழே இறக்கப் பார்க்கிறார். நீரும் நிற்கிறது. இரவில் படுத்தால், மாலையில் உண்டது செரிக்காமல் அப்படியே திரும்பி வந்து தலையணையை நனைக்கிறது. மூச்சுக்குழலில் இறங்கி இருமலையும் காய்ச்சலையும் தருகிறது. பந்தியில் பலரோடு அமர்ந்து உண்ண அவர் அஞ்சுகிறார். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போனாலும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே புறப்பட்டுவிடுகிறார். உடல் மெலிகிறது. வாயுத் தொல்லை என்றும் மனக்கவலை என்றும் சொல்லப்பட்டு, உண்மை நோய் தெரியாமலே சில ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. இறுதியில் பேரியம் கலந்த நீரைக் குடிக்கச் செய்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும்போது உண்மை வெளியாகிறது. குழல் மேலே பையைப் போல விரிந்தும், கீழே பறவையின் அலகைப் போலக் கூர்ந்தும் காண்கிறது. அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாயை மூக்கின் வழியே செலுத்தி, தசையலை இல்லை என்பதையும் கதவு தளரவில்லை என்பதையும் உறுதி செய்கிறார்கள்.

இதற்கு முதன்முதலில் வழி கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் வில்லிஸ். மூளையின் அடியில் உள்ள இரத்தக்குழாய் வளையம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. உண்டதெல்லாம் இரைப்பையை அடையாமல் திரும்பி வந்து, பட்டினியால் சாகும் நிலையை எய்திய ஒருவரைப் பற்றி 1674-இல் அவர் எழுதினார். திமிங்கிலத்தின் வாயிலுள்ள வளைந்துகொடுக்கும் தகட்டினால் ஒரு கோல் செய்து, அதன் நுனியில் சிறு கடற்பஞ்சு உருண்டையைக் கட்டி, நோயாளியின் கையிலேயே அவர் கொடுத்தார். உண்பதும், கோலை உள்ளே செலுத்திக் கதவைத் தள்ளித் திறந்து உணவை இறக்குவதுமாக அந்த மனிதர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நாள்தோறும் உண்டு வாழ்ந்தார். மருத்துவர் இந்நோய்க்குச் செய்த முதல் உதவியிலேயே ஆண்டுக்கணக்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பின்னால் வந்தவர்களில் பலருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை வந்தது 1913-இல். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் என்னும் மருத்துவர், அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், முப்பது ஆண்டுகளாக இந்நோயால் வருந்திய 49 வயதுள்ள ஒருவருக்கு அதனைச் செய்தார். உணவுக்குழலின் சுவரில் வெளிப்புறம் தசை. உட்புறம் மெல்லிய சவ்வு. ஹெல்லர் தசையை மட்டும் நெடுக்காக வெட்டி விலக்கி, உட்சவ்வு கிழியாமல் விட்டுவிட்டார். வேர்க்கடலையின் மேலோட்டைப் பிளந்து, பருப்பின் மேலுள்ள சிவந்த தோலுக்குச் சேதம் வராமல் வைப்பது எவ்வளவு பக்குவமான வேலையோ, அதனிலும் பன்மடங்கு பக்குவம் இதற்கு வேண்டும். அவர் முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் வெட்டினார். 1923-இல் ஹாலந்து நாட்டவரான சாயர், முன்புறத்தில் ஒரு வெட்டே போதும் என்று காட்டினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இச்சிகிச்சை ஹெல்லரின் பெயராலேயே வழங்குகிறது.

இந்த இடத்தில் ஒன்றை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். ஹெல்லரின் கத்தி இறந்த நரம்பணுவை உயிர்ப்பிக்கவில்லை. நின்றுபோன தசையலையும் திரும்பவில்லை. திறக்காத கதவை அது நிரந்தரமாகத் திறந்து வைத்தது, அவ்வளவே. அதன்பின் கவளம் கீழே இறங்குவது தன் எடையினால்தான். நான் பிழை என்று சொன்னேனே, கிணற்றில் கல் விழுவது போல என்று, அது இவர்கள் விஷயத்தில் மெய்யாகிவிடுகிறது. ஆகவே சிகிச்சைக்குப் பின்னரும் நிமிர்ந்து அமர்ந்து, மென்று, மெல்ல உண்ண வேண்டும், உண்டவுடன் படுக்கலாகாது. நோய் நீங்கியது என்று சொல்வதைக் காட்டிலும் நோயின் கொடுமை நீங்கியது என்று சொல்வதே பொருத்தம்.

கதவு நிரந்தரமாகத் திறந்திருப்பதில் ஒரு விலையும் இருக்கிறது. உணவு கீழே போகும் வழியே அமிலம் மேலே வரும். இதைத்தான் எதுக்களித்தல் என்கிறோம். நமக்கும் விருந்துண்ட இரவில் எதுக்களிப்பு வருவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வருகிறது. ஆனால் நம் உணவுக்குழலில் தசையலை இருக்கிறது. ஏறி வந்த அமிலத்தை அது உடனே கீழே தள்ளிவிடும். விழுங்கும் உமிழ்நீர் எஞ்சியதைக் கழுவிவிடும். அக்கலேசியா நோயாளிக்கு அந்த அலை இல்லையே! ஏறிய அமிலம் ஏறிய இடத்திலேயே தங்கி, மணிக்கணக்கில் சவ்வை அரிக்கிறது. அரித்த இடம் புண்ணாகிறது; புண் ஆறித் தழும்பாகிறது; தழும்பு சுருங்கிக் குழலை இறுக்குகிறது. கடைசியில், எந்தத் துன்பத்துக்காகச் சிகிச்சை செய்துகொண்டாரோ அதே துன்பம், அதாவது கவளம் இறங்காமை, வேறொரு வாயில் வழியாகத் திரும்பி வருகிறது.

இது ஏட்டில் எழுதிய ஊகமன்று. ஹெல்லரின் முறையோடு போட்டியிட்ட இன்னொரு முறை ஐரோப்பாவில் பல காலம் செல்வாக்கோடு இருந்தது. ஹைரோவ்ஸ்கி என்பவரின் பெயரால் வழங்கிய அம்முறையில், மூடிய கதவை அப்படியே விட்டு, அதன் பக்கத்தில் உணவுக்குழலையும் இரைப்பையையும் ஒன்றோடொன்று துளையிட்டு இணைத்துவிடுவார்கள். அகன்ற வழி, உணவு தடையின்றி இறங்கும். நோயாளி மறு வாரமே வயிறாரச் சாப்பிடுவார். மருத்துவருக்கும் மகிழ்ச்சி, நோயாளிக்கும் மகிழ்ச்சி. 1949-இல் இலண்டன் மருத்துவர்களான பாரெட், பிராங்க்ளின் என்னும் இருவர், இத்தகைய சிகிச்சை பெற்றவர்கள் ஆண்டுகள் சென்றபின் எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்துக் கட்டுரை ஒன்று வெளியிட்டனர். அதன் தலைப்பே பிற்காலத்துத் தீய விளைவுகளைப் பற்றியது. அமிலம் தடையின்றி ஏறிப் புண்ணும் இரத்தக்கசிவும் தழும்பும் உண்டாகியிருந்தன. அம்முறை அதன்பின் கைவிடப்பட்டது. வாரக்கணக்கில் பார்த்தபோது வெற்றியாகத் தெரிந்தது, ஆண்டுக்கணக்கில் பார்த்தபோது தோல்வியாக முடிந்தது. நெடுநாள் அமிலம் பட்டதால் உணவுக்குழலின் உட்சவ்வு வேறு வகையாக மாறிப்போவதை இன்று பாரெட் உணவுக்குழல் என்கிறோம். அந்தப் பாரெட்டும் இவரே.

ஹெல்லர் சிகிச்சையிலும் இந்த அபாயம் உண்டு, அளவில் குறைவு. அதைத் தடுக்க ஓர் உபாயம் கண்டார்கள். இரைப்பையின் மேற்பகுதி துணிப்பையைப் போலத் தொளதொளவென்று இருக்கும். அதில் ஒரு பகுதியை இழுத்து, வெட்டிய தசையின்மேல் போர்த்தித் தைத்துவிட்டால், இரைப்பை நிறையும்போது அந்த மடிப்பு குழலை இலேசாக அழுத்தி அமிலத்தைத் தடுக்கும். முன்புறமாகப் போர்த்தும் முறையை 1962-இல் டோர் என்பவரும், பின்புறமாகப் போர்த்தும் முறையை 1963-இல் தூபே என்பவரும் வெளியிட்டனர். இருவரும் பிரெஞ்சுக்காரர். முழுவதும் சுற்றிக் கட்டிவிடலாமே என்று தோன்றும். மற்றவர்களுக்கு நெஞ்செரிச்சலைப் போக்க அவ்வாறு செய்வதுண்டு. தசையலை இல்லாத இவர்களுக்கோ அது புதிய பூட்டாகிவிடும். திறந்தால் அமிலம், இறுக்கினால் அடைப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண்பதுதான் இந்நோய்க்கான அறுவைக் கலை எல்லாம்.

போர்த்துவதால் உண்மையில் பயன் உண்டா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 43 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெட்டு மட்டும், மற்றொரு பிரிவுக்கு வெட்டும் டோரின் போர்வையும் செய்தார்கள். 2004-இல் வெளியான முடிவு இது: வெட்டு மட்டும் பெற்ற 21 பேரில் 10 பேருக்கு அளவு மீறிய எதுக்களிப்பு, போர்வையும் பெற்ற 22 பேரில் 2 பேருக்கே. விழுங்குவதில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தனர். ஐயம் தீர்ந்தது.

இதற்கிடையில் வயிற்றைப் பெரிதாகத் திறக்கும் வழக்கமும் மாறிவிட்டது. 1991-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர மருத்துவர்கள், சிறு துளைகளின் வழியே கருவிகளையும் விளக்கையும் செலுத்தி இச்சிகிச்சையைச் செய்த செய்தியை வெளியிட்டனர். நோயாளி சில நாட்களில் வீடு திரும்பலானார். வெட்டும் போர்வையும் அவையேதாம். நுழையும் வழி மட்டும் புதிது.

இனி ஆண்டுக்கணக்குக்கு வருவோம். நான் பெரிதும் மதிக்கும் ஓர் ஆராய்ச்சி, தென்னமெரிக்காவின் சிலி நாட்டுத் தலைநகரான சாந்தியாகோவில் நடந்தது. சென்டெஸ் என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய தோழர்களும், வயிற்றைத் திறந்து ஹெல்லரின் வெட்டும் டோரின் போர்வையும் செய்யப்பட்ட 67 பேரைச் சராசரியாக 190 மாதங்கள், அதாவது ஏறக்குறையப் பதினாறு ஆண்டுகள், விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். சிலரை இருபது ஆண்டுகளுக்கு மேலும் பார்த்தார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அகநோக்கியைச் செலுத்திச் சவ்வைப் பார்த்தார்கள். கதவின் அழுத்தத்தை அளந்தார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் அமிலம் ஏறும் அளவைக் குறித்தார்கள். 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன? 73 விழுக்காட்டினர் நன்றாக இருந்தனர். சிகிச்சைக்குப்பின் ஓராண்டில் தாழ்ந்திருந்த கதவின் அழுத்தம், பல்லாண்டு கழிந்தும் தாழ்ந்தே இருந்தது. ஹெல்லரின் வெட்டு உறுதியாக நின்றது; கதவு மறுபடி மூடிக்கொள்ளவில்லை. தசையலை எவருக்கும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எதுக்களிப்போ, ஆண்டுகள் கூடக்கூடத் தானும் கூடிக்கொண்டே போயிற்று. 22 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தோல்வி என்றே சொல்லவேண்டியதாயிற்று. அதற்கு முதற்காரணம் அமிலத்தால் வந்த புண். வெட்டு போதாமல் போனதால் தோல்வியுற்றவர் ஒரே ஒருவர். ஒன்பது பேருக்கு உட்சவ்வு பாரெட் வகையாக மாறியிருந்தது. மூவருக்கு உணவுக்குழலில் புற்றுநோய் தோன்றியது. ஒருவருக்குச் சிகிச்சையான ஐந்தாம் ஆண்டிலும், ஒருவருக்கு ஏழாம் ஆண்டிலும், ஒருவருக்குப் பதினைந்தாம் ஆண்டிலும்.

இத்தாலியின் பாதுவா நகர மருத்துவர்களின் கணக்கு இதைவிட ஊக்கமளிப்பது. துளைவழிச் சிகிச்சையை 1992 முதல் 2017 வரை 1001 பேருக்குச் செய்த அவர்கள், பத்தில் ஒன்பது பேருக்கு நற்பலன் கிட்டியதாகக் கூறினர். இருபதாம் ஆண்டிலும் ஐந்தில் நால்வர் தொல்லையின்றி இருப்பர் என்பது அவர்கள் கணிப்பு. ஒரே கூட்டத்தார் ஒரே முறையை ஆயிரம் முறை செய்து கைவந்த இடம் அது. அந்தத் தேர்ச்சி எல்லா ஊரிலும் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது.

மாணவர்களாகிய உங்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நற்பலன் என்பதை எதைக்கொண்டு அளந்தார்கள்? மருத்துவ உலகில் எக்கார்ட் மதிப்பெண் என்று ஒன்று வழக்கில் இருக்கிறது. விழுங்குவதில் தடை, உண்டது திரும்பி வருதல், மார்வலி, உடல் மெலிவு ஆகிய நான்குக்கும் கடுமைக்கேற்ப மும்மூன்று மதிப்பெண், மொத்தம் 12. மூன்றும் அதற்குக் கீழும் இருந்தால் வெற்றி. தேர்வில் அதிக மதிப்பெண்ணை நாடும் நமக்கு இது தலைகீழான தேர்வு! எளிய, பயனுள்ள அளவுகோல் என்பதில் ஐயமில்லை. எனினும் அது நோயாளியின் வாய்ச்சொல்லை நம்பி நிற்கிறது. பல ஆண்டு துன்பப்பட்ட மனிதர் துன்பத்தோடு பழகிவிடுகிறார். ஒரு வேளை உணவை முக்கால் மணி நேரம் உண்பது அவருக்கு இயல்பாகிவிடுகிறது. கவளத்துக்கு ஒரு மிடறு நீர் குடிப்பதை அவர் குறையாகவே கருதுவதில்லை. நன்றாக இருக்கிறேன் என்று மனமாரச் சொல்கிறார். அவரையே பேரியம் குடிக்கச் செய்து ஐந்து நிமிடம் கழித்துப் படமெடுத்தால், குழலில் ஒரு சாண் உயரத்துக்கு அது வடியாமல் நிற்கக்கூடும். சொல் ஒன்று, படம் ஒன்று. அதுபோலவே, அமிலம் அரித்தாலும் நெஞ்செரிச்சலை உணராதவர் உண்டு. ஆகையால் நோயாளியின் வாக்கையும் கேட்க வேண்டும். படத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இருபது ஆண்டுப் பலனைச் சொல்லும் எந்தக் கணக்கும் இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த சிகிச்சையின் கணக்கு. அதற்குள் கருவிகள் மாறிவிடுகின்றன. வெட்டின் நீளம் மாறிவிடுகிறது. ஒமிப்ரசோல் முதலிய அமிலம் குறைக்கும் மாத்திரைகள் 1980-களின் இறுதியில் வந்து நிலைமையையே மாற்றிவிட்டன. இன்று செய்யும் சிகிச்சைக்கு நீண்டகாலக் கணக்கு கிடைப்பதில்லை. நீண்டகாலக் கணக்கு உள்ள சிகிச்சை இன்று அப்படியே செய்யப்படுவதில்லை. அன்றியும், கணக்கில் அகப்படுவோர் திரும்பி வந்தவர்கள் மட்டுமே. வராதவர் குணமடைந்ததால் வரவில்லையா, நம்பிக்கை இழந்து வேறிடம் போனாரா, இறந்தே போனாரா? ஏடு பேசாது.

கத்தியின்றியும் கதவைத் திறக்கலாம். பலூன் ஒன்றைக் கதவினுள் வைத்து ஊதி, சுருக்குத்தசையின் இழைகளைப் பிய்த்துவிடும் முறை பழையது. அதையும் துளைவழி ஹெல்லர் சிகிச்சையையும் ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 14 மருத்துவமனைகள் சேர்ந்து 201 நோயாளிகளிடம் ஒப்பிட்டன. 2011-இல் வெளியான முடிவின்படி இரண்டாம் ஆண்டில் பலூனுக்கு 86 விழுக்காடும் அறுவைக்கு 90 விழுக்காடும் வெற்றி. ஐந்தாம் ஆண்டில் 82-உம் 84-உம். பெரிய வேறுபாடில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஆனால் பலூன் பெற்றவர்களில் நால்வருக்கு ஒருவர் மீண்டும் அதை ஊதிக்கொள்ள வேண்டியிருந்தது; நூற்றுக்கு நால்வருக்கு உணவுக்குழல் கிழிந்தது. அறுவையின்போதும் நூற்றுக்குப் பன்னிருவருக்கு உட்சவ்வில் கீறல் விழுந்தது. ஆயினும் அது அறுவை மேசையிலேயே கண்ணுக்குத் தெரிவதால் அப்பொழுதே தைத்துவிடலாம். பலூனால் வரும் கிழிசல் அவ்வாறு கண்முன் நிகழ்வதில்லை. பொட்டுலினம் என்னும் நஞ்சைச் சிறிதளவு ஊசியால் ஏற்றித் தசையைத் தளர்த்தும் முறையும் உண்டு. சில மாதங்களில் அதன் பலன் தேய்ந்துவிடும். அறுவையைத் தாங்கமாட்டாத முதியவர்களுக்கே பெரும்பாலும் அது ஏற்றது.

சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் பல ஆண்டு கழித்து, மறுபடியும் இறங்கவில்லை டாக்டர் என்று வந்து நின்றால் மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? பழைய நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டிப் பழைய சிகிச்சையையே மறுபடி செய்வது பெரும் பிழையாகலாம். வெட்டு இரைப்பைப் பக்கம் போதிய தூரம் போகாதிருக்கலாம், வெட்டிய இடம் தழும்பால் ஒட்டியிருக்கலாம், போர்வை இறுகியிருக்கலாம். இவற்றுக்கு மேலும் திறப்பது வழி. அமிலத்தழும்பு காரணமாயிருப்பின், மேலும் திறப்பது எரியும் நெருப்பில் நெய் வார்த்தது போலாகும். சிலருக்குக் குழல் பாம்பைப் போல வளைந்து தளர்ந்து, கதவைத் திறந்தும் பயனற்ற நிலை வந்துவிடும். அவர்களுள் சிலருக்கு உணவுக்குழலையே நீக்கி, இரைப்பையை மேலே இழுத்து இணைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது புற்றுநோய். இந்நோயாளிகளுக்கு அது மற்றவரைவிடப் பன்மடங்கு மிகுதியாக வருகிறது. அவர்களிலும் வருவது சிலருக்குத்தான் என்பது ஆறுதல். ஆனால் மற்றவர்க்கு விழுங்குவதில் சிறு தடை ஏற்பட்டாலே அது எச்சரிக்கை மணியாக ஒலிக்கும். இவரோ தடையோடு வாழ்ந்து பழகியவர். மணி ஒலித்தாலும் காதில் விழாது. எத்தனை ஆண்டுக்கொருமுறை அகநோக்கியால் பார்ப்பது என்பதில் வல்லுநரிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை. பார்க்கவே வேண்டாம் என்று நினைத்துவிடுவது நோயாளி செய்யும் தவறு. அவரை அவ்வாறு நினைக்கும்படி, எல்லாம் சரியாகிவிட்டது, இனி வரவேண்டியதில்லை என்று சொல்லி அனுப்புவது நம்மவர் தவறு. இருபது வயதில் சிகிச்சை பெறும் ஒருவருக்கு முன்னால் இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன அன்றோ?

கடைசியாக ஒரு புதிய முறையைச் சொல்ல வேண்டும். ஜப்பானின் யோகோஹாமாவில் ஹாருஹிரோ இனோவே என்னும் மருத்துவர், வெளியே ஒரு கீறலும் இன்றி, வாய்வழியே அகநோக்கியைச் செலுத்தி, உணவுக்குழலின் உட்சவ்வுக்கும் தசைக்கும் இடையே சுரங்கம் அமைத்து, அதன் வழியே சென்று தசையை வெட்டும் முறையை 2008-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். உடம்பில் தழும்பில்லை, வலி குறைவு, உலகெங்கும் அது விரைந்து பரவியது. இம்முறையில் போர்வை கிடையாது. 221 நோயாளிகளிடம் இதையும் ஹெல்லர்-டோர் முறையையும் ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி 2019-இல் வெளியாயிற்று. இரண்டாம் ஆண்டில் விழுங்கும் வெற்றி இரண்டிலும் ஏறத்தாழச் சமம்: 83-உம் 82-உம். அதே இரண்டாம் ஆண்டில் அகநோக்கியால் பார்த்தபோது, அமிலப்புண் இருந்தது புதிய முறையில் நூற்றுக்கு 44 பேருக்கு. பழைய முறையில் 29 பேருக்கு. அப்புண்களிற் பெரும்பாலானவை மாத்திரைக்கு அடங்கக்கூடியவை என்று புதிய முறையின் ஆதரவாளர் கூறுகின்றனர். அவர்கள் கூறுவது மெய்யாக இருக்கலாம். 1949-இன் கட்டுரையைப் படித்தவர்களுக்கு மட்டும் சற்று நெஞ்சு உறுத்தும். இனோவேயின் முதல் நோயாளிக்கு இருபதாம் ஆண்டு நிறைவது 2028-இல். அதற்குப் பின் வந்த ஆயிரக்கணக்கானவர்களின் இருபதாம் ஆண்டு இன்னும் பின்னால் இருக்கிறது. அவர்களைத் தேடிச்சென்று, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டு, கேட்டதோடு நில்லாமல் உள்ளேயும் பார்த்து எழுதப்போகிறவர்கள், இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களாகவும் இருக்கலாம்.